கிடர்பூரில் ஒரு முன்னறை

2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்து மாலையொன்றில் அலுவலகம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் சந்தின் முனையிலுள்ள தையற்கடைத் தாழ்வாரத்தில் என் மகளும் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியும் தூறலுக்கு ஒண்டி நின்று, ஒரே நோட்டுப் புத்தகத்தை இருவருமாகப் பிடித்துக்கொண்டு ஏதோ கணக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். அவ்விடத்துக்கும் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கும் நாற்பதடி கூட இராது. தோழி விடைபெற்றுச் சென்ற பின், "வீட்டிற்கே அழைத்து வந்திருக்கலாமே, அம்மா?" என்று கேட்டேன்.

"எங்கே உட்காரச் சொல்வது, அப்பா?" என்றாள் மகள்.

குறையாகச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு விடையாகவே சொன்னாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை அதைப் பெரிய துயரமாகவும் எண்ணவில்லை. எனக்குத்தான் அன்றிரவு உணவு இறங்கவில்லை.

கற்றறிந்தோர் பலர் எழுதும் நம் சங்க இதழில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு இரயில்வே எழுத்தர் தன் வீட்டு முன்னறையைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று தயங்கினேன். ஆயினும் அன்பர் பலருடைய வீடுகளுக்கு நான் சென்றிருக்கிறேன். அவர்களும் என் வீட்டிற்கு வந்து, அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

முதலில் அவ்வறையின் பழைய கோலத்தைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். சந்தைப் பார்த்த சன்னல் ஒன்று. இரும்புத் தண்டவாளமும் மரச்சட்டமும் தாங்கும் பழைய கூரை. இங்குள்ளோர் 'கடி-பர்கா' என்பர், நம் பக்கத்து மெட்ராஸ் டெரஸுக்கு உறவென்று சொல்லலாம். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் இடுப்புயரம் வரை ஈரமும் உப்பும். ஒரு மூலையில் தகரப் பெட்டி. அதன்மேல் மூன்று அட்டைப் பெட்டிகள். அவற்றின்மேல் ஊரிலிருந்து வந்த அரிசிப்பை. நடுவில் நெகிழி நாற்காலிகள் இரண்டு. கூரையின் நடுவே குழல்விளக்கொன்று; அதன் ஒளியில் எவர் முகமும் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர் முகம்போல் தோன்றும். மருத்துவமனையின் புறநோயாளர் பகுதி இதைவிட மங்களகரமாயிருக்கும்.

இத்தனைக்கும் காரணம் வறுமையன்று. 2009இல் கரக்பூரில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்தேன். 2013இல் தென்னக இரயில்வேக்குத் தன்விருப்ப இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். அவ்வாறு மாறிச் செல்வோர் புதிய இடத்தில் பணிமூப்புப் பட்டியலின் அடியில்தான் சேர்க்கப்படுவர். அதற்கும் சம்மதித்தே எழுதிக் கொடுத்தேன். பின்பு துறைத் தேர்வெழுதி எழுத்தரானேன். 2016இல் கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு இரயில்வேத் தலைமையகத்திற்கு வந்தேன். பதவி மாறியதால் விண்ணப்பத்தையும் புதிதாக எழுதிக் கொடுத்தேன். இன்றோ நாளையோ உத்தரவு வரும் என்னும் எண்ணத்திலேயே இவ்வீட்டில் எட்டாண்டுகள் கழிந்தன. மேசை வாங்கலாமா என்றால், "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்." திரைச்சீலை தைக்கலாமா என்றால், "ஊர் வீட்டுச் சன்னல் வேறு அளவு." எங்கள் இல்லத்தில் இறைவன் பெயரைவிட மிகுதியாக உச்சரிக்கப்பட்ட சொல் 'ஊருக்குப் போய்' என்பதுதான்.

மகள் சொன்னதை அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, அரிசிப்பையையும் பெட்டிகளையும் இறக்கிவைத்துவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தாள். அதன் அடியில் எங்கள் திருமணப் பாய் இருந்தது.

எனக்கு அம்பாசமுத்திரம், அவளுக்குக் கல்லிடைக்குறிச்சி. எங்கள் பக்கத்தில் மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாயைச் சீராகக் கொடுப்பது வழக்கம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்வார்கள்; சுருட்டினால் பட்டுச் சேலைபோல் சுருளும். 2011இல் என் மாமனார் சொல்லி நெய்வித்த அப்பாயில் எங்கள் இருவர் பெயரும் சிவப்பில் இருந்தன. சொந்த வீட்டில்தான் விரிக்க வேண்டும் என்று, பாலித்தீன் உறையிட்டுப் பெட்டியில் வைத்தவன் நான். ஒரு நாளும் விரித்ததில்லை.

உறையைப் பிரித்ததும் பூசண வாடை எழுந்தது. ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இந்நகரில், காற்றுப் புகாத உறைக்குள் கோரை மூச்சுமுட்டியிருக்கிறது. ஓரம் முழுவதும் கரும்புள்ளிகள். என் பெயரின் கடைசி எழுத்தின்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மனைவி அதைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். "சொந்த வீடு வரும்போது வரட்டுங்க. இந்தக் குழந்தை இப்பவே பெரியவளாகிட்டிருக்கா," என்றாள். அதற்குமேல் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பணத்திற்கு வழியும் அவளே சொன்னாள். பூசைக்கு முன் எங்களுக்கு 78 நாள் ஊதிய ஊக்கத்தொகை கிடைக்கும். அவ்வாண்டு 17,951 ரூபாய். வழக்கமாக முழுவதையும் ஊரிலுள்ள தந்தைக்கு அனுப்பிவிடுவேன். அம்முறை பதினாயிரம் அனுப்பி, இனிப்புக்கும் குழந்தையின் துணிக்கும் 951 ஒதுக்கி, ஏழாயிரத்தை முன்னறைக்கென்று ஒரு கடித உறையில் போட்டுவைத்தோம். தந்தையிடம் காரணத்தைத் தொலைபேசியில் சொன்னபோது, "இத்தனை வருஷமாச் செய்யலையா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் அலுவலகத்தை அடுத்த மட்டியாபுருஜைப் பற்றி இங்கே ஒரு சொல். அயோத்தி நாட்டை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856இல் கல்கத்தா வந்து, அங்கேதான் குடியமர்ந்தார். இலட்சுமணபுரிக்குத் திரும்பும் நாள் அவருக்கு வரவேயில்லை. 1887இல் இங்கேயே மறைந்தார். ஆனால் இடைப்பட்ட முப்பதாண்டுகளில் மாளிகைகள், இமாம்பாரா, இசைவாணர், விலங்குச் சாலை என்று ஒரு சின்ன இலட்சுமணபுரியையே ஆற்றங்கரையில் எழுப்பிவிட்டார். அவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம் ஓய்வூதியம். என் உறையில் ஏழாயிரம். ஆயினும் நாள்தோறும் அப்பகுதியைக் கடந்து செல்பவனுக்கு அந்த நினைவு வராமல் போகுமா?

இனி வேலையைச் சொல்கிறேன். சுவரில்தான் தொடங்கினோம், மற்றவற்றைவிட இதைச் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம், கிடர்பூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாழும் நம்மவர் அனைவருக்கும் இதுவே தலைவலி. முன்பு குடியிருந்தோர் அச்சுவருக்குப் பளபளப்பான பிளாஸ்டிக் வண்ணம் அடித்திருந்தனர். அது அப்பளம்போல் பொங்கிப் பொங்கி உதிர்ந்தது. வண்ணக் கடைக்காரர் அதன்மேலேயே இன்னும் விலையுயர்ந்த வண்ணமொன்றை அடிக்கச் சொன்னார். எங்கள் சந்தில் நாற்பதாண்டுகளாக வண்ணம் பூசிவரும் முதிய ரங்-மிஸ்திரி ஒருவரோ, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே சென்றார். மறுபுறம் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் மூட்டு விட்டுப்போயிருந்தது. "நோய் அங்கே, நீங்கள் இங்கே மருந்து தடவுகிறீர்கள்," என்றார் இந்துஸ்தானியில்.

செங்கல்லுக்குள் புகுந்த நீர் அதிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நீர் காற்றில் போய்விட, உப்பு மட்டும் மாவுபோல் சுவர்மேல் பூக்கிறது. வெளிவரும் வழியைப் பிளாஸ்டிக் பூச்சால் அடைத்தால் அது பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். சுண்ணாம்பு அப்படியன்று, ஈரத்தை வெளியே விடும். ஆகவே முதலில் குழாய், பிறகு பழைய பூச்சைச் சுரண்டுதல், உப்பை நீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டித் துடைத்தல், பிறகு சுவர் உலரும்வரை பொறுத்தல், கடைசியில்தான் சுண்ணாம்பு. வீட்டுக்காரரான முதியவரை நாங்கள் சாச்சா என்று அழைப்போம். குழாய்ச் செலவில் பாதியை அவர் ஏற்றார். மீதி 700 ரூபாய் என்னுடையது.

இவ்வூரார் துர்க்கா பூசைக்கு முன்பாக வண்ணமடிப்பர். அது மழை ஓயாத காலம். சுவரும் உலர்ந்திராது, மிஸ்திரியும் அகப்பட மாட்டார். அதனால் நாங்கள் ஐப்பசியில் சுரண்டி, கார்த்திகையும் மார்கழியும் காய விட்டுப் பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தோம். தைப் பிறப்புக்கு வெள்ளையடிப்பது என்னும் நம் வழக்கம் கல்கத்தாவின் உலர்காலத்தோடு இவ்வளவு பொருந்துவதை அப்போதுதான் உணர்ந்தேன். சுண்ணாம்பை இரவெல்லாம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, பசை சேர்த்து, மூன்று சுவர்களுக்குத் துளி நீலமும் உப்புச்சுவருக்கு இவ்வூரார் 'எலாமாட்டி' என்னும் மஞ்சள் காவியும் கலந்தோம். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆகவே மகளைக் கிட்டே விடவில்லை. மிஸ்திரிக்கு இரண்டு நாள் கூலி 1,600, சாமான்கள் 640. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது அறை ஒரு முழம் அகன்றுவிட்டதுபோல் இருந்தது.

சுவர் காயும் அவ்விரு மாதங்களில் கைவேலைகளை முடித்தோம். குளிர் தொடங்கியதும் தோளில் வில்லைச் சுமந்து, நாணைச் சுண்டி ஒலியெழுப்பிக்கொண்டு துனுரிகள் தெருத்தெருவாக வருவர், பஞ்சு கொட்டுபவர்கள். எங்கள் பழைய மெத்தை கல்லாய்க் கிடந்தது. அதைப் பிரித்து, மொட்டைமாடியில் வைத்து, ஒரு துனுரி கொட்டிக் கொடுத்த பஞ்சு மூன்று மடங்காகப் பொங்கியது. அதில் தகரப் பெட்டியின் அளவுக்கு ஒரு மெத்தையும் நான்கு திண்டுகளும் ஆயின. கூலியும் உறைத்துணியும் சேர்த்து 900. பெட்டியைச் சன்னலடியில் இழுத்துப் போட்டு அதன்மேல் மெத்தையை வைத்ததும், இத்தனை ஆண்டுகள் வழியை அடைத்துக்கொண்டிருந்த பெட்டி ஆசனமாகிவிட்டது. அட்டைப் பெட்டிகளை என்ன செய்தோம் என்கிறீர்களா? பிரித்துப் பார்த்தோம். எட்டாண்டுகளாகத் திறக்காதவற்றுள் வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை. ஓடாத கடிகாரம் இரண்டு இருந்தன.

மெத்தைமேல் விரிக்கக் காந்தா. வங்கப் பெண்கள் நைந்த பருத்திச் சேலைகளை அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத் தையலிட்டு விரிப்பாக்குவர். பழங்காலத்தில் நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வராம். மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்துவிட்டோம். கீழ்வீட்டு வங்க மூதாட்டியார் என் மனைவிக்குத் தாமே கற்றுக் கொடுத்தார். எட்டாண்டுகளாகப் படிக்கட்டில் புன்னகை மட்டும் பரிமாறியவர்கள் அம்மார்கழி முழுவதும் பகற்பொழுதில் எங்கள் வீட்டில் அமர்ந்து தைத்தனர். மனைவிக்கு வங்கமொழி அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே தெரியாது. என்றாலும் நான் வீட்டுக்குள் நுழைந்தாலே பேச்சு சட்டென்று நிற்கும். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

தரைக்கு விரிக்க ஒரு பாய் வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் மேதினிபூர்க்காரர். அவர் சொற்படி மார்கழி ஞாயிறு ஒன்றில் மூவருமாக ஹவுராவில் உள்ளூர் வண்டியேறிப் பாலிசக் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து சபங் பகுதிக்குச் சென்றால் வழிநெடுகக் கோரை காய்கிறது. அவர்கள் அதை மாதுர்காட்டி என்பர். ஒற்றையாக நெய்தது ஒரு வகை, இரட்டையாக நெய்தது ஒரு வகை. மிக நுண்ணியதற்கு மஸ்லந்த் என்று பெயர். 2018இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. தாவர நூலார் தாமிரபரணிக் கோரையையும் இதையும் சைப்பரஸ் என்னும் ஒரே இனத்தில் வைப்பார்களாம். நூலார் சொல்லாவிட்டாலும் என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஒரு தட்டையை எடுத்து நகத்தால் கிழித்து மோந்து பார்த்து, "நம்ம ஆத்தங்கரை வாசம்," என்றாள். பாய் நெய்துகொண்டிருந்த அம்மையாரிடம் எங்கள் கறைபட்ட பாயின் நிழற்படத்தைக் கைப்பேசியில் காட்டினோம். அவர் கேட்ட முதற்கேள்வி, "பிளாஸ்டிக்கில் சுற்றினீர்களா?" என்பதுதான். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வினிகர் கலந்த நீரில் துணியைப் பிழிந்து துடைக்கவும், சுள்ளென்ற வெயிலில் போடாமல் காற்றோட்டமான நிழலில் உலர்த்தவும் அவர் சொல்லித் தந்தார். இரண்டு பாய்கள் 760 ரூபாய்க்கு வாங்கினோம்.

பக்கத்துப் பிங்களா வட்டத்திலுள்ள நயா என்னும் சிற்றூர் படச்சுருள் வரையும் பட்டுவர்களின் ஊர். பெரும்பாலோர் சமயத்தால் இசுலாமியர். வரைவதும் பாடுவதும் இராமாயணமும் மனசா தேவி கதையும். சங்குப்பூவிலிருந்து நீலம், விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, ஒட்டுவதற்கு வில்வப்பழப் பிசின். பெரிய சுருள்கள் நம் கைக்கு எட்டாதவை. மீன்கள் ஊர்வலம் போகும் கலியாணப் படமொன்றை 300 ரூபாய்க்கு மகள் தேர்ந்தெடுத்தாள். இவ்வூர் ஓவியர் யாமினி ராய் (1887–1972) ஐரோப்பிய முறையில் தேர்ந்த பின் அதைக் கைவிட்டு இத்தகைய நாட்டுப்புற முறைக்கே திரும்பினார் என்பதும், கித்தானை விட்டுப் பாயின்மேலும் சுண்ணாம்பு பூசிய பலகைமேலும் தீட்டினார் என்பதும் மகளின் பள்ளிப் பாடத்திலிருந்து எனக்குக் கிடைத்த செய்திகள். பாயும் சுண்ணாம்பும் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

விளக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குழல்விளக்கை அணைத்து, இளமஞ்சள் ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டை மூலைக்கொன்றாகப் பொருத்தி, ஒன்றுக்குப் பிரம்புக் கூடு போட்டோம், 520 ரூபாய். காய்ச்சல்காரர் களை முகத்தைவிட்டுப் போயிற்று. சன்னலுக்கு இரண்டு செடித் தொட்டிகள். ஒன்றைப் பூனை தள்ளிவிட்டது.

எஞ்சியது பத்தமடைப் பாய். அவ்வம்மையார் சொன்னபடி துடைத்துத் துடைத்து நான்கு நாள் உலர்த்தியும், என் பெயரின் கடைசி எழுத்தின்மேலிருந்த கறை முழுதும் நீங்கவில்லை. தரையில் விரிக்க எவருக்கும் மனமில்லை. சுவரில் மாட்டலாம் என்றால், ஆணியடிக்கக் கூடாதென்பது சாச்சாவின் நிபந்தனை. சுண்ணாம்புக் காரை ஓர் ஆணிக்கு ஒரு கூடை உதிரும் என்பதால் அவரைக் குறைகூறவும் இயலாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே கூரைத் தண்டவாளத்தில், எக்காலத்திலோ தொங்கிய கைவிசிறிக்கோ தொட்டிலுக்கோ போட்ட இரும்புக் கொக்கிகள் இரண்டு இருந்தன. மூங்கிற்கழியொன்றில் பாயின் மேல்விளிம்பைச் சணற்கயிற்றால் பிணைத்து, கொக்கிகளிலிருந்து தொங்கவிட்டோம். காவிச் சுவருக்குச் சற்று விலகி நிற்பதால் ஈரமும் தாக்காது. கறையை மறைக்கச் செடியை முன்னால் வைக்கலாமே என்றேன். "இருக்கட்டுங்க," என்றாள் மனைவி.

மொத்தச் செலவு 6,460. மிச்சம் 540.

2025 பொங்கலன்று கீழ்வீட்டு மூதாட்டியாரும் சாச்சாவும் வந்தனர். சாச்சா பெட்டி ஆசனத்தில் அமர்ந்து, தம் சுவரைத் தாமே முதன்முறை காண்பவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். வாடகையை உயர்த்துவாரோ என்று எனக்குள் ஓர் அச்சம் இருந்தது. இதை எழுதும்வரை உயர்த்தவில்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் சரசுவதி பூசை வந்தது. அன்று இந்நகரத்துப் பெண்பிள்ளைகள் மஞ்சட் சேலையுடுத்துப் பள்ளிகளுக்கும் பந்தல்களுக்கும் செல்வதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். முற்பகல் பதினொரு மணியளவில் படிக்கட்டில் பல கால்களின் ஓசை கேட்டது. முன்னறிவிப்பு ஏதுமின்றி என் மகள் ஐந்து தோழிகளை அழைத்து வந்துவிட்டாள். தாழ்வாரத்தில் நின்ற அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். எட்டு முழச் சேலைகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அறுவரும் மாதுர்ப் பாயில் வட்டமாக அமர்ந்தனர். மிச்சமிருந்த 540 ரூபாயோடு நான் இனிப்புக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அந்தப் பெண் சுவரைக் காட்டி, அது என்ன சித்திரம் என்று வங்கத்தில் கேட்பது காதில் விழுந்தது. "சித்திரமில்லை, எழுத்து," என்றாள் மகள். எழுந்து சென்று, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தன் தாயின் பெயரைப் படித்துக் காட்டினாள். ஐவரும் அதைச் சேர்ந்து சொல்லிப் பார்த்தனர். அடுத்து என் பெயர். கடைசி எழுத்தில் விரல் நின்றது. "இங்கே மழை பட்டுவிட்டது," என்று சொல்லி, அந்த எழுத்தையும் சேர்த்தே படித்தாள். என் பெயரை ஐந்து வங்கக் குழந்தைகள் ஒருமித்து உச்சரித்த விதத்தை என் தாய் கேட்டிருந்தால் யாரையோ அழைக்கிறார்கள் என்றே எண்ணியிருப்பார். நான் இனிப்புப் பொட்டலத்தோடு வெளியே சற்று நேரம் நின்றேன்.

இடமாற்ற விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை. பெறப்போவதுமில்லை; தந்தைக்கு எழுபது கடந்துவிட்டது. உத்தரவு வந்தால் போவோம். அந்நாளில் பாயை எப்படிக் கட்டுவது என்பதை மனைவி இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்: உலர்ந்த வேப்பிலையை உள்ளே தூவி, பழைய பருத்தி வேட்டியில் தளரச் சுருட்ட வேண்டும், போய் இறங்கிய அன்றே பிரிக்க வேண்டும். பாலித்தீன் உறைகள் முழுவதையும் அவள் அட்டைப் பெட்டிகளோடு பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள்.